லா பாஸில் எண்பத்திரண்டு

கத்தாரில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு லீவு கிடைத்தால் ஊருக்குப் போவாள். அட்டைப்பெட்டி கட்டுவாள், கயிறு போடுவாள், போவாள். நானும் அக்காவும் பொலிவியாவுக்குப் போகிறோம் என்று வார்டில் சொன்னபோது, "அங்க சம்பளம் கூடவா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை, நான் குளச்சல் பக்கம். தோஹாவில் நஜ்மா என்கிற பகுதியில் ஒரே அறையில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறோம். ஒருநாள் ஒரு நோயாளியின் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஊரில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே கேபிள் கார்கள் டவுன் பஸ் மாதிரி போய் வந்துகொண்டிருந்தன, பின்னால் முழுசாக ஒரு பனிமலை. அக்கா மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள்.

"இத நான் பாக்கணும்ட்டி. ஊர்லயும் மணலு, இங்கயும் மணலு. இருவத்திரெண்டு வருஷமா வேற என்னத்தக் கண்டேன்?"

அவள் வேலையை ராஜினாமா செய்திருந்தாள். ஜூன் மாதம் ஒரேயடியாக ஊருக்குப் போகிறாள். போய்விட்டால் வீடு, பிள்ளைகள், மாமியாரின் முழங்கால் என்று வரிசையாகக் காத்திருக்கிறது. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் கடைசி லீவைப் போட்டோம். டிவியில் பார்த்த அந்த ஊர் லா பாஸ், கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் அடி உயரம்; அங்கே எங்களுக்கு இருந்தது முழுசாக மூன்று நாளும் ஒரு காலையும்.

இரண்டு பேரும் முதுகுப்பை வாங்கினோம். பழக்கதோஷத்தில் அவற்றையும் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயர் எழுதினோம். உள்ளே எலுமிச்சை ஊறுகாய், சுக்குப் பொடி, பி.பி. பார்க்கிற மெஷின். போதாததற்கு விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப்பையும் நான் போட்டுக்கொண்டேன். அந்தக் கிளிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

சாவ் பாவ்லோ வழியாகப் போய் இறங்கினோம். விமான நிலையம் மேட்டில் இருந்தது, ஊர் கீழே. போகலாம் என்று டாக்ஸிக்காரரிடம் சொல்லப்போய், தோஹா பழக்கத்தில் என் வாயிலிருந்து வந்தது "பாய், ஹாஸ்டல், யல்லா". அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ஒரு வளைவு திரும்பியதும் செங்கல் நிற வீடுகள் பெரிய உருளிக்குள் கொட்டினதுபோல அடிவரை இறங்கிக் கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். டாக்ஸிக்காரரும் சந்தோஷமாகக் கூடச் சேர்ந்து கத்தினார். கத்தினதற்கும் சேர்த்துத்தானோ என்னவோ, இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டார்.

ஹாஸ்டல் அறையில் எட்டு இரண்டடுக்குக் கட்டில்கள். ஐரோப்பியப் பிள்ளைகள் அதைப் பெரிய சாகசமாக நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேல்கட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தோஹா முதல் வருஷ அக்கமடேஷனுக்கேவா திரும்பி வந்திருக்கோம்?" என்றாள். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

நான் கிளிப்பை எடுத்து அவள் விரலில் மாட்டினேன். எண்பத்துமூன்று.

எங்கள் வார்டில் தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுவோம். மறுபேச்சுப் பேச விடாமல் அக்காவைக் கீழ்க்கட்டிலில் படுக்க வைத்தேன். அரை மணிக்கு ஒருதரம் அளவு பார்த்து நோட்டில் எழுதினேன். எண்பத்துநாலு, எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று. அவளும் நர்ஸ்தானே, நம்பரைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். ஹாஸ்டல்காரம்மா இரண்டு கோப்பையில் கோகா இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்தார். அந்த ஊரில் உயரத்துக்கு அதுதான் மருந்து. நான் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் என்று அரபியில் "மாஃபி, மாஃபி" என்றேன். கொக்கைன் எடுக்கிற இலையாச்சே, இதைக் குடித்துவிட்டு தோஹாவில் போய் இறங்கி, ரத்தத்திலோ சிறுநீரிலோ ஏதாவது தெரிந்தால் கலாஸ், கதை முடிந்தது, வேலையும் போய் ஜெயிலும் கிடைக்கும் என்று பயம். சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்து போனில் படம் காட்டினார்கள். பொட்டு மேகம் இல்லாத வானம், நடுவில் டிவியில் பார்த்த அதே பனிமலை, இல்லிமானி, வெள்ளை வெளேரென்று. அக்கா அவர்கள் போனைக் கையில் வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். வெளியே கூட்டிப்போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனாலும் நம்பர் நம்பர்தானே!

இரண்டாம் நாள் சாயங்காலம் ஹாஸ்டல்காரம்மா என் நோட்டைப் பார்த்தார். கிளிப்பை வெடுக்கென்று வாங்கித் தன் விரலில் மாட்டினார். எண்பத்தெட்டு. நாள் முழுக்க மூன்று மாடி ஏறி இறங்கித் துணி சுமக்கிற மனுஷி. போனில் எதையோ சொல்லி, மொழிபெயர்ப்பை எனக்குக் காட்டினார்: "இங்கே எல்லோரும் இப்படித்தான்." அப்புறம் என் கையைப் பிடித்து என் விரலிலும் மாட்டிவிட்டார். எண்பத்திரண்டு.

இரண்டு நாளில் ஒருதரம்கூட எனக்கு நான் பார்த்துக்கொள்ளவில்லை. நர்ஸ்களில் யார்தான் தனக்குப் பார்த்துக்கொள்கிறார்கள்?

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, என்னயவிட ஒண்ணு கம்மி. நீ பேஷண்ட்டா, நான் பேஷண்ட்டா?"

"எக்கா..."

"தலவலி இருக்கான்னு கேட்டியா? வாந்தி வருதான்னு கேட்டியா? ஆளப் பாக்காம மெஷினப் பாத்திருக்க. நானும் சேந்து படுத்துக் கெடந்திருக்கேன் பாரு, என்னயச் சொல்லணும்." திட்டிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

மூன்றாம் நாள் பொழுது விடிந்தபோது வானம் முழுக்க மேகம். இருந்தாலும் சுற்றினோம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கேபிள் கார் மாறி மாறி ஏறினோம். மொட்டைமாடித் துணிகளுக்கும் நாய்களுக்கும் மேலே மிதந்தபடி, சின்னப் பிள்ளைகள் மாதிரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டோம். சந்தையில் ஒருவன் என் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை அடித்துக்கொண்டு போனான். அது சுக்குப் பொடி. அவன் முகத்தை நினைத்து அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். கறிக்குழம்பு உள்ளே தளும்புகிற ஒரு பணியாரத்தைக் கடித்து இருவரும் சட்டையை நாசமாக்கிக்கொண்டோம். இவ்வளவு இருந்தும் மலை மட்டும் வரவில்லை. மலை இருக்கிற பக்கமாக அக்கா நிமிஷத்துக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நாலாம் நாள் பதினொரு மணிக்கு விமானம். ஆறரைக்கே மஞ்சள் கேபிள் காரில் ஏறினோம். மேலே போனோம், மேகம். கீழே வந்தோம், மேகம்.

"விடுட்டி. போன்ல பாத்தாச்சுல்லா," என்றாள் அக்கா.

"என்னாலதான் எக்கா. ரெண்டு நாளும் மல தெளிவா நின்னுச்சு. நாந்தான் உங்களப் படுக்கப் போட்டேன். மன்னிச்சிருங்க." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்தாள். மறுபடி டிக்கெட் எடுத்தோம்.

இந்தத் தடவை பாதி வழி ஏறியபோது எதிரே உட்கார்ந்திருந்த தொப்பிக்காரக் கிழவி ஏதோ சொல்லி அக்காவின் முழங்காலைத் தட்டினாள். திரும்பினோம். மேகம் மலையின் இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. மேலே மலை நின்றது.

"மாதாவே!" என்று அக்கா எழுந்தே விட்டாள். கார் ஆடியது. வேலைக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள். அவள் போனை எடுக்கவே இல்லை. இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, மேல் நிலையம் வரும்வரை பார்த்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. நான் கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன், இறங்கிய பிறகுதான் தொண்டை வலித்தது.

"இனி ஊருக்குப் போலாம்ட்டி," என்றாள்.

ஜூனில் போய்விட்டாள். அறையில் அவள் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. டூட்டி முடிந்து வந்து சில நாள் அந்தக் கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்க்கிறேன். தொண்ணூற்றெட்டு காட்டுகிறது. எண்பத்திரண்டில் இதைவிட நன்றாக இருந்தேன்.