சூளையில் குறைந்த எடை

ஆரோக்கியத்தைத் திருடன் என்று சொன்னவன் நான். அவர் திருடவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தேன். செடிக்கு அடிக்கும் மருந்தில் கலக்கச் சுண்ணாம்பு வேண்டும். அதை நாமே சுடலாம் என்று முதலாளி முதல் முறையாகச் சூளை போட்டார். ஆரோக்கியமும் அவர் தம்பியும் கல்லை எடைபோட்டு அடுக்கினார்கள். வெந்து வந்தபோது ஏறக்குறைய பாதி எடைதான் இருந்தது.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு பிரிந்துபோகும், எடை குறையும். அங்கே வேதியியல் படித்தவன் நான் ஒருவன்தான். ஆனால் கூலிக்காக என்னை எதிர்த்துப் பேசுகிறவர் ஆரோக்கியம். "மீதி எங்கே?" என்று முதலாளி கேட்டதும் அவரைக் கைகாட்டினேன்.

"ஏனுங்க சார், கல்ல நான் தின்னுட்டனுங்களா?" என்றார் ஆரோக்கியம். அன்றே அவரையும் தம்பியையும் வேலையை விட்டு அனுப்பினோம்.

போன மாதம் செம்மநத்தத்தில் அவர் வீட்டைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"அப்ப யாருமே எடுக்கலீங்களா?" என்றார் ஆரோக்கியம்.

"யாரும் எடுக்கவில்லை."

"எடை குறைஞ்சத என் கண்ணால பாத்தனுங்க. நான் எடுக்கல. அப்ப எந்தம்பிதான்னு நெனச்சு, அவன் சாவுக்குக்கூட போகலீங்க."

அவர் மனைவி காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒருவர்மேல் சொன்ன பொய்க்குத்தான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். இன்னொருவரிடம் கேட்க இனி வழியில்லை.