மஞ்சள் பனியன்களும் ஒற்றைக் கொம்பு மாட்டுத் தலையும்

கால்பந்தாட்டத்துக்கு நான் ஆற்றிய தொண்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் நான் பாப்பாரப்பட்டி அணியின் கோல் கம்பமாக இருந்தேன். உவமைக்காகச் சொல்லவில்லை. ஆட்டம் நடந்த வற்றிய ஏரியில் ஒரு முழம் தோண்டினால் பாறை. மூன்று மூங்கில்கள் எப்படியோ நின்றுவிட்டன. நான்காவது சாய்ந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க ஓர் ஆள் வேண்டும். ஓடத் தெரியாத, உதைக்கத் தெரியாத, நிற்க மட்டும் தெரிந்த பையன் யார் என்று தேடியவருக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே கிடைத்தேன்.

தேடியவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. இளவயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், ஒரு பிரெஞ்சு துரையின் சமையலறையில் பத்து வருஷம் கழித்தவர். உலகப் போர் தொடங்கியதும் துரை பட்டாளத்தில் சேரக் கப்பலேறிவிட்டார். சித்தப்பா ஊர் திரும்பினார். பத்து வருஷச் சம்பாத்தியம் என்று அவர் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவை ஒரு தோல் பந்தும் ஒரு பழைய பனியனும். பனியனில் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டைகள், நெஞ்சில் நூலால் தைத்த ஒரு மாட்டுத் தலை. மாட்டின் ஒரு கொம்பைப் பூச்சி தின்றிருந்தது. அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பத்து வருசமாடா?"

அந்தப் பனியனின் வரலாறு அவ்வளவு லேசானதல்ல என்று சித்தப்பா சொல்வார். துரையின் சொந்த ஊர் பிரான்சில் எங்கோ உள்ளே, பாரிஸ்காரர்கள் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துக் காரிமங்கலம் போலவே வாரச் சந்தை கூடும் ஊர். மாட்டுச் சந்தை கலைந்த பிறகு அந்தத் திடலில் தோல் பதனிடும் ஆட்களும் ரயிலடி ஆட்களும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் அவர்களுடைய கிளப். துரை அதில் இடது ஓரத்தில் ஆடியவர். பெரிய பட்டணங்களுக்கு ஆடப் போனால் அங்கே கூட்டம் முழுக்க "ம்மா" என்று கத்துமாம், மாட்டுக்காரன்கள் வந்துவிட்டார்கள் என்று. இவர்கள் என்ன செய்தார்கள்? அடுத்த வருஷமே மாட்டுத் தலையை நெஞ்சில் தைத்துக்கொண்டு போனார்கள். "அப்பறம் எப்பிடிக் கத்துவான்? கத்துனா அது நமக்குக் கோஷமில்ல?" என்பார் சித்தப்பா. அந்த 'நமக்கு' எப்போது வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆட்டத்தின் முடிவு ஊரிலிருந்து கப்பல் தபாலில் ஒரு மாதம் கழித்து வரும். துரை கடிதத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக வராந்தாவில் நின்று சமையலறையைப் பார்த்து உரக்கச் சொல்வார், யாருக்கு எத்தனை கோல் என்று. சித்தப்பா கரண்டியோடு வெளியே ஓடி வருவார். ஜெயித்திருந்தால் அன்று பாயசம். தோற்றிருந்தால் இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்காது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கடைவீதியில் பேப்பர் படித்தவர்கள் பாரிஸ் விழுந்துவிட்டது என்றார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து என்று நான் விசாரித்தேன், யாரும் சொல்லவில்லை. சித்தப்பா அன்று பூராவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஊர் வாலிபர்களைக் கூட்டி வைத்து, "நாம ஒரு கிளப் ஆரம்பிக்கறோம்" என்றார். ஏர் பிடிப்பதிலிருந்து தப்பிக்க என் வம்சத்தில் பலர் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இது அவற்றில் புதியது என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் பொறாமையோடு.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் செம்மையாகத் தோற்றோம். இரண்டு பக்கமும் வெற்றுடம்பு. எங்கள் ஆட்கள் எதிராளிக்கே பந்தைக் கொடுத்துவிட்டு அவன் ஓடுவதை மெச்சிக்கொண்டு நின்றார்கள். ஆடி பிறந்தது. விதைக்க வேண்டிய நேரம், கைக்கு ஆள் இல்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இதான் கடைசி. காரிமங்கலத்துக்காரன் கிட்டயும் தோத்தீன்னா பந்து கெணத்துக்குள்ள. நீ ஏரோட காட்டுக்குள்ள. என்னா சொல்ற?"

"சரிங்கண்ணா" என்றார் சித்தப்பா. கிணறு ஆழமானது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கலர் இல்லாமல் கிளப் இல்லை என்று சித்தப்பா தீர்மானித்தார். மஞ்சளும் சிவப்பும் வேண்டும். சாயக் கடைக்காரர் கையை விரித்தார். "செகப்பு செர்மன் சரக்குங்க. சண்ட வந்ததும் நின்னு போச்சுங்க." அவனா, அதையும் எடுத்துக்கிட்டானா என்று சித்தப்பா முணுமுணுத்தார். மிச்சம் இருந்தது மஞ்சள். அதற்கு ஜெர்மனி தேவையில்லை, அம்மாவின் சமையலறைப் பானை போதும். பதினொரு வெள்ளைப் பனியன்கள் மஞ்சள் கரைத்த அண்டாவில் மூழ்கி எழுந்தன. பிறகு சீமை மைதானம் போலக் கோடு வேண்டும் என்று சுண்ணாம்புக் காளவாயிலிருந்து ஒரு வண்டி சுண்ணாம்புத் தூள் வரவழைத்து, ஏரி முழுக்க ஒரு சாண் அகலத்துக்குக் கோடு போட்டார்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்த ஒரு மனிதர், அதுவரை ஒரு கல்யாணத்தில்கூட ஆரத்தித் தட்டை எட்டிப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

காரிமங்கலத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சண்டைக்கு முன்பே வாங்கிய சிவப்புப் பனியன் அவர்களுக்கு. எங்கள் ஆட்கள் மைதானத்தில் இறங்கியதும் அந்தப் பக்கத்துக் கூட்டம் ஆரவாரித்தது.

"டேய், மஞ்சக் குளிச்சிட்டு வந்திருக்கறாங்கடா!"

"பூ வெக்க மறந்துட்டீங்களே, தாயி!"

எங்கள் ஆட்களுக்கு முகம் சுண்டிப் போயிற்று. சித்தப்பாவோ கல்யாண வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர் போல மலர்ந்தார். "கேட்டீங்களாடா? இப்பதான் நமக்குப் பேரு வெச்சிருக்கறாங்க. இனிமே நாம கிளப்பு!"

பேர் வைத்த கையோடு கோலும் போட்டார்கள். பாதி ஆட்டம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம். ஏரிக்கரையில், சும்மா அந்த வழியாகப் போகிறவர் போல அப்பா நின்றுகொண்டிருந்தார். வெகு நேரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியபோது என் மூங்கில் காரிமங்கலத்தாரின் கம்பமாகிவிட்டது. அதனால் நடந்ததை மிக அருகிலிருந்து பார்த்தேன். வெயிலில் வேர்த்து வழிந்தவர்கள் விழுந்து புரளும் இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு. முதலில் எங்கள் பின்னாட்டக்காரரின் பனியன் முழங்கைப் பக்கம் சிவந்தது. "ரத்தம்!" என்று யாரோ கத்த, அவர் மயங்கி விழத் தயாரானார். அடுத்து ஒருவருக்குத் தோள் சிவந்தது. கரையில் நின்ற பெண்கள்தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்தார்கள். "ஆரத்தி எடுக்கறாங்கடி, ஆரத்தி!" என்றாள் என் அத்தை.

எங்கள் முன்னாட்டக்காரர் ஒரு கொல்லுப்பட்டறை அண்ணன். காரிமங்கலத்துக் கோலுக்கு முன்னால் வழுக்கி, கோட்டின் மேலேயே மல்லாந்து நெடுந்தூரம் சறுக்கி எழுந்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு பூராவும் நல்ல சிவப்பு. அவர் வலியில் கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற நேரத்தில், அவர்களுடைய தடுப்பாளனிடம் பந்து வந்தது. அவன் தலையை நிமிர்த்தினான். எதிரே ஒரு சிவப்பு முதுகு. நிம்மதியாக அதன் காலடிக்குப் பந்தை உருட்டிவிட்டான்.

முதுகு திரும்பியது. மார்பு மஞ்சள்.

பந்து என் காதோரமாகப் பறந்து உள்ளே போயிற்று. கம்பம் என்ற முறையில் நான் அசையாமல் இருந்ததை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

பிறகு நடந்த சண்டை ஆட்டத்தைவிட நன்றாக இருந்தது. "ஏமாத்து வேலைங்க! வேணும்னே செகப்பாயிட்டான்!" என்று அவர்கள் குதித்தார்கள். நடுவராக வந்திருந்த தர்மபுரி டிரில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பந்த அவன் புடுங்குனானா, நீ குடுத்தியா?"

"குடுத்தேனுங்க. ஆனா..."

"குடுத்தியில்ல? போய் ஆடு."

ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது.

வண்டிகள் கிளம்பிய பிறகு அப்பா கரையிலிருந்து இறங்கி வந்தார். சித்தப்பா பந்தை இடுக்கிக்கொண்டு நின்றார். தோற்கவில்லை, ஜெயிக்கவில்லை என்பதும் நிஜம்தான். அப்பா பந்தைப் பார்த்தார், சிவப்பும் மஞ்சளுமாக நின்ற பதினொரு பேரையும் பார்த்தார்.

"தோத்தா கெணத்துலன்னுதான் சொன்னேன்" என்றார். "காலையில ஏரு. சாயங்காலம் பந்து." நாலடி போய்த் திரும்பினார். "அந்த நெட்டப் பையன மட்டும் நடுவுல நிறுத்து. ஓரத்துல வீணாப் போறான்."

பனியன்களைத் துவைக்கக் கூடாது என்று சித்தப்பா உத்தரவிட்டார். எங்கள் ஊர் அணியை இன்றும் 'மஞ்சக்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது சேலத்தில் தைத்து வரும் பனியனில் முதுகுக்கு மட்டும் சிவப்பு. ஏன் என்று ஆடுகிற பையன்களைக் கேட்டால், அது பிரான்சு வழக்கம் என்கிறார்கள்.

அன்று எல்லோரும் போன பிறகும் நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சித்தப்பா துரையின் பழைய பனியனை எடுத்து மாட்டிக்கொண்டார். காலியான ஏரியின் நடுவில் போய் நின்று, வராந்தாவில் நிற்பவர் போல நிமிர்ந்து, பிரெஞ்சில் எதையோ உரக்கச் சொன்னார். விரல்களை ஒன்று, ஒன்று என்று நீட்டியதால் ஆட்டத்தின் முடிவைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

கடல் தாண்டி எந்தக் கடிதமும் வராத வருஷம் அது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் பிரெஞ்சு பேசிப் பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று, "சரிங்க சித்தப்பா" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் பாயசம். ஜெயிக்கவே இல்லையே, பிறகு எதற்கு என்று அம்மா கேட்டபோது அவர் கரண்டியோடு அடுத்த டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது. கம்பத்துக்குத் தரும் கூலி என்று குடித்தேன்.