தொரசானி வெங்காயம்

அறுபதுகளின் கடைசியில், கன்னட எல்லையோரத்துத் தளியில், நான் ஸ்காட்லாந்து சூப் வைத்தேன் என்று சொன்னால் என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். குடித்தவர் சிரிக்கவில்லை.

குடித்தவர் எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. ஸ்காட்லாந்துக்காரர். தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாயில் கலந்து பேசுவார். எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த கையோடு போய்விட்டன. மூன்றாவது அப்போது வயிற்றில், எட்டு மாதம். "இது நிக்கும். நான் எடுத்துக் குடுக்கும்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவருக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் சோறு தண்ணி இறங்கவில்லை. எதை நீட்டினாலும் "பேடா", வேண்டாம், என்று கன்னடத்தில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கஞ்சியும் பேடா, ரொட்டியும் பேடா. பெங்களூரிலிருந்து பெரிய பாதிரியார் வந்து பார்த்தார். ஞாயிறு மதியம் காரோடு வருவதாகவும், அதற்குள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் டாக்டரம்மாவின் பங்களாவுக்குப் பால் ஊற்றப் போனபோது சமையல்காரர் இதைச் சொன்னார். அவர் போய்விட்டால் என் பிள்ளையை யாரை நம்பிப் பெறுவேன்?

அப்போதுதான் லீக்ஸ் என்ற சீமைச் செடி ஞாபகம் வந்தது. போன வருஷம் அவர் ஊரிலிருந்து வரவழைத்த விதையை எங்களிடம் கொடுத்திருந்தார். "வயசான சேவல், இதோட தண்டு, கொஞ்சம் அரிசி, கறுப்பா ஒரு காஞ்ச பழம். எங்க அம்மா இதுல சூப்பு வெக்கும். படுத்தவன் எந்திரிச்சு ஒக்காரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் வெங்காயம் போடுவதில் சூரர். பார்க்க வெங்காயம் மாதிரி இருந்ததால் இதற்கும் 'தொரசானி வெங்காயம்' என்று பேர் வைத்து, வெங்காயத்துக்குச் செய்வதையெல்லாம் செய்தார். தாள் வளர்ந்ததே தவிர அடியில் காய் திரளவில்லை. காய் திரளாவிட்டால் தாளை மிதித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மிதித்தார். அதற்கும் மசியவில்லை. கடைசியில் கோபம் வந்து, மண்வெட்டியால் மண்ணை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டு, "கெடந்து கொழுக்கட்டும்" என்று வந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அந்த மூலைக்கே போவதை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை நான் போய், "அதத் தோண்டுங்க" என்றேன்.

"அதையா? அத மாடு கூட மோந்து பாக்கல."

"மாட்டுக்கில்லீங்க, டாக்டரம்மாவுக்கு."

தோண்டினார். முழங்கை நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று தண்டு வந்தது. அவர் அப்போதும் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காயே இல்லியே" என்று வருத்தப்பட்டார். அவரை அப்படியே நாட்டு மருந்துக் கடைக்கு விரட்டினேன். கறுப்புப் பழத்துக்குக் காய்ந்த கறுப்பு திராட்சைதான் கிடைத்தது.

ஞாயிறு விடிந்ததும் எங்கள் கிழட்டுச் சேவலை அறுத்து எடுத்துக்கொண்டு பங்களா அடுப்படியில் நுழைந்தேன். சமையல்காரர் பட்டாளத்து மெஸ்ஸில் இருந்தவர். "இது வேகறதுக்குள்ள காரு வந்து போயிடும்மா. நான் எத்தினி தொரைங்களுக்கு சூப்பு வெச்சிருக்கேன் தெரியுமா?" என்றார்.

"அந்தத் தொரைங்க இருந்தா வரச் சொல்லுங்க. இப்ப வெறகத் தள்ளுங்க" என்றேன். எட்டு மாத வயிற்றோடு நிற்பவளிடம் யார் வாயாடுவார்கள்? தள்ளினார். சிறு தீயில் வைத்தேன். உப்பைத் தவிர எதுவும் கிடையாது. மஞ்சள் போடாமல் கோழி வேகவைப்பது எனக்குப் பெரிய தண்டனை. கை இரண்டு முறை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். கறி எலும்பை விட்டதும் அரிசி, பிறகு தண்டு, கடைசியில் திராட்சை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லாதது போலிருந்தது. அப்புறம் மெல்ல ஒரு தித்திப்பு நாக்கில் நின்றது.

கிண்ணத்தோடு உள்ளே போனேன். டாக்டரம்மா 'பே' என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மூக்கு முந்திக்கொண்டது. கரண்டியில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணு அணைச்சாதான் இந்த வெள்ளை வரும். எங்க ஊர்லே அப்படித்தான் செய்யும். இங்க யார் சொல்லிக் குடுத்தது?"

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "வெவசாயம் நமக்குத் தெரியாதுங்களா?" என்றார். எனக்கு வந்த சிரிப்பைச் சேலைத் தலைப்பில் அடக்கினேன்.

கிண்ணம் காலியானது. நீட்டினார். "இன்னூ ஸ்வல்ப" என்றார். இன்னும் கொஞ்சம்! எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. மறு கிண்ணத்தைச் சமையல்காரரே ஓடிப்போய்க் கொண்டுவந்தார்.

கார் வந்தபோது டாக்டரம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதிரியாருக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கச் சொன்னார். அவர் குடித்துவிட்டும், டாக்டரம்மாவின் பெட்டி எங்கே என்று கேட்டார். டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, சூப்புக் கிண்ணத்தில் சூடேறிய கையை என் வயிற்றில் வைத்தார்.

"நான் வரலே. அடுத்த மாசம் எனக்கு இங்க வேலை இருக்கு."

கார் பாதிரியாரோடு மட்டும் திரும்பியது. அடுத்த மாதம் அந்த வேலையை அவர் முடித்தார். ஆஸ்பத்திரி அதிரக் கத்திக்கொண்டு வந்த பயல் இன்றும் அப்படித்தான் கத்துகிறான். என் மருமகள் கட்டிக்கொண்டிருப்பது அவனைத்தான்.