நடுக் கதவோரம் ஒரு பாய்

இன்று காலை முதல் வேலையாக, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நம் பெண்கள் சங்கத்தின் அடைக்கல வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். கணவனிடம் அடிபட்டு வந்த ராணி உள்ளே இருக்கிறாள்.

பிறகு தேவி வந்தாள். அறுவை சிகிச்சை செய்து பெண்ணானவள். அடையாள அட்டையும் அப்படியே சொல்கிறது. அவளையும் புருஷன்தான் அடித்திருந்தான்.

தேவியின் குரலைக் கேட்டதும் ராணி சுவரோரம் ஒடுங்கினாள். "ஆம்பளக் குரல்க்கா. நான் வீட்டுக்கே போயிடறேன்."

கீழே உள்ள கடையிலிருந்து சங்கத் தோழிகளுக்குப் போன் செய்தேன். சாந்தா, "ராணி முதல்ல வந்தா. இவளை அனுப்பிடு லா" என்றாள். மேரி, "அடிபட்டவளை வாசல்ல நிறுத்தினா நாம என்ன பெண்கள் சங்கம்?" என்றாள்.

இரண்டு பேச்சுமே எனக்குச் சரியாகப் பட்டன. யாரை வெளியே விட்டாலும் அவள் உயிரோடு திரும்புவாளா?

படியில் உட்கார்ந்திருந்த தேவி சொன்னாள்: "நான் வாயே திறக்க மாட்டேன்க்கா."

அதைக் கேட்டு ராணி அழுதாள். ஆனாலும் "வரட்டும்" என்று சொல்லவில்லை.

இதைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். திட்டுபவர்கள் கீழே எழுதலாம்; பென்சில் கட்டியிருக்கிறேன்.

இன்னும் யாரிடமும் சொல்லாத என் முடிவு இது: இன்றிரவு ராணி உள்ளறையில், தேவி முன்னறையில், நடுக் கதவோரம் பாய் விரித்து நான்.