கத்திரி தாண்டிய கன்று

சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவது என் அம்மாவின் வேலை. கான்ட்ராக்ட் வேலைதான். தண்ணீர் லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் குடம்தான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசை. கத்திரி வெயிலைத் தாண்டிப் பிழைத்த கன்றுகளை மேஸ்திரி எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் அடுத்த கான்ட்ராக்டில் பெயர் இருக்காது.

எனக்கு எட்டு வயது. பள்ளியில் மரம் நடுவிழா. ஆளுக்கொரு கன்று கொண்டு வரச் சொன்னார்கள். அம்மாவிடம் மூன்று நாள் சொன்னேன். மூன்று நாளும் "கொண்டாறன்டி" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப் போனாள். இவளை நம்பினால் வெறுங்கையோடுதான் போகவேண்டும் என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு மேட்டுக்குப் போய், அவள் தண்ணீருக்கு இறங்கிய நேரம் பார்த்து, அவளுடைய களைக்கொத்தாலேயே ஒரு புங்கங்கன்றைத் தோண்டிப் பையில் ஒளித்துக்கொண்டேன். ஆணிவேர் பாதியில் அறுந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

விழாவில் இருந்ததிலேயே உயரமான கன்று என்னுடையதுதான். பெரிய ஆபீசர் அதைத்தான் நட்டார், போட்டோ எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மாவிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அன்று காலையில்தான் மேஸ்திரி எண்ணியிருக்கிறார். காலிக்குழியைப் பார்த்து, "ஆடு மேஞ்சிருக்கும்ங்க" என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். பெயரை அடிக்காமல் விட்டதே பெரிது. தண்டனையாக உச்சி வரிசைக்கு மாற்றிவிட்டார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடிக்கத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது கத்திரி தாண்டுன கன்னுடி" என்றாள்.

"ஒண்ணுதானம்மா. அங்க அவ்ளோ இருக்குதே!"

அதற்குத்தான் அழ ஆரம்பித்தாள். மேஸ்திரிக்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக் கன்று ஒரே வாரத்தில் காய்ந்தது. போட்டோ மட்டும் ரொம்ப நாள் நோட்டீஸ் போர்டில் இருந்தது. உச்சி வரிசையில் அம்மா முழங்கால் தேயும்வரை ஏறினாள். அவளை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

இப்போது அந்த மேடு காடாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்கும் கான்ட்ராக்ட் வேலைதான். போன மாதம் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் என்னவோ தோன்றி ஏறிப் பார்த்தேன். வெறுங்கையோடு ஏறியும் இரண்டு இடத்தில் உட்காரவேண்டி வந்தது. உச்சியில் வெயில் தரையில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து, "ஒன் வரிசைல அப்படி ஒரு நெழலும்மா" என்றேன்.

"அப்படியா? நாங்க ஊத்திக்கினு இருந்தப்ப ஒதுங்கக்கூட எடம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வயதில் நான் ஒரு செடியைப் பிடுங்கியதாகத்தான் நினைத்தேன். அந்த ஒன்றுக்காக எத்தனை தடவை ஏறி இறங்கினாய் என்று கேட்கத் தெரியவில்லை. இனிமேல் கேட்டாலும் அவளுக்கு நினைவிருக்காது.