ஷமீமாவின் பம்பும் என் பைப்பும்

“படிச்ச பொண்ணு நீ... பேனாவப் புடிச்சோமா, சம்பளம் வாங்குனோமான்னு இல்லாம, ஸ்பேனர வெச்சிகினு இன்னா பண்ணப் போற?”

பழைய அம்பாசிடர் ஒன்றை வீட்டு வாசலுக்கு இழுத்துவந்த அன்று என் மாமா கேட்டது இது. செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமா. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வாரம் முழுக்க கம்பெனி பஸ். ஞாயிறு மட்டும் அம்பாசிடர்.

வண்டி ஓடினால் அதுவே மாமாவுக்குப் பதில் என்று இருந்துவிட்டேன். ஓடியது. ஆனால், ஷமீமாவின் பழைய அம்பாசிடர் அதைவிட நன்றாக ஓடியது.

அங்கேதான் பிரச்சினை.

ஷமீமா என்னோடு படித்தவள். புதுப்பட்டினத்துக்காரி. வகுப்பில் நான் முதல் மார்க். அவள் எனக்கு அடுத்து. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எனக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும்; அவளுக்கு எழுந்து நின்றால் போதும். இதை அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வேன். மனசுக்கு இதமாக இருக்கும்.

சமீபத்தில் நெம்மேலிப் பக்கம் ஒரு ரிசார்ட் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். விருந்தாளிகளை ஏற்றிவர நாலைந்து பழைய கார்களை வாங்கிப் போட்டிருக்கிறார். அவற்றைச் சரிசெய்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். “ரெண்டு பேரும் உங்க வண்டியில வாங்க. பாத்துட்டு யாருக்குன்னு சொல்றேன்.” அந்த வேலை கிடைத்தால் கம்பெனி பஸ்ஸை விட்டுவிடலாம். என் பெயரிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் போடலாம்.

போவதற்குச் சில நாள் முன்பு ஷமீமாவின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். பழைய கார்களில் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்பரேட்டருக்குத் தள்ள, இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு பம்பு இருக்கும். கரண்ட் கிடையாது, இன்ஜின் சுற்றினால் அதுவும் அடிக்கும். அவள் புதிதாக ஒன்று போட்டிருந்தாள். பெரியது. பளபளவென்று.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குமா?

மறுநாளே அதே பம்பை வாங்கினேன். எங்கள் பக்கம் பம்பு வாங்க ஒரு முறை உண்டு. பழசைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், புதுசோடு சேர்த்துவைத்துப் பார்ப்போம். போல்ட் ஓட்டைகள் நேராக நின்றால், “ஒக்காந்துகிச்சு, எட்துகினு போம்மா” என்பார் கடைக்காரர். பொருத்தம் முடிந்தது. தொழிற்சாலையில் நாளெல்லாம் அளவு பார்க்கும் காலிப்பரும் கையுமாக நிற்கிறவள், நானும் ஓட்டையைத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஒரு குறையும் இல்லை. ஈ.சி.ஆரில் ஏறி ஆக்சிலேட்டரை அழுத்தினேன்... ஒரு விக்கல். இன்னொரு விக்கல். நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு பிளான்ட் கண்ணில் படும் தூரத்தில் வண்டி நின்றேவிட்டது.

பின்னால் யார் வருவார்கள்? அவள்தான்.

ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். ஓரங்கட்டி இறங்கினாள்.

“இன்னா மலரு, காத்து வாங்கினுகீறியா?”

“கார்பரேட்டர்ல தூசி.”

“தூசியா? பம்பு அப்டியே என்னுது மாதிரி கீதே.” சிரிக்காமல் சொன்னாள். அதில்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டாள். “செல்ஃப் அடி.” அடித்தேன். பெட்ரோல் நூல் மாதிரி வந்தது. பிறகு டேங்கிலிருந்து வரும் பைப்பைப் பம்பிலிருந்து விடுவித்தாள். அந்த இடத்தில் ஒரு தடித்த ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தன் பெட்ரோல் கேனுக்குள் விட்டாள். “இப்ப அடி.” பாட்டில் குபுகுபுவென்று நிறைந்தது.

“பம்பு நல்லாத்தான் கீது. அடியில பைப்ப பாத்தியா? எவனோ ஃபிரிட்ஜுக்குப் போடுற மெல்லிசு செப்புக் கொழாய இட்டு வெச்சிக்கீறான். நா டேங்குலேந்து பெரிய பைப்பு இழுத்துட்டு அப்பாலதான் பம்ப மாட்டுனேன்.”

மெல்லிய ஸ்ட்ராவைப் போட்டு இளநீரை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் கன்னம்தானே ஒட்டும்? பழைய பம்பு மெதுவாக இழுத்தது. அந்தக் குழாய்க்கு அது சரி. புதுசு பலமாக இழுக்க, வெயிலில் சூடேறிய குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஆவியை எந்த பம்பு தள்ளும்?

பொறாமைப்படுகிறவர்களுக்கு மேலே இருப்பதுதான் தெரிகிறது. பக்கத்து வீட்டு சோபா தெரியும், தோழியின் பானெட்டுக்குள் பளபளப்பது தெரியும். வண்டிக்கு அடியில், முதுகு தரையில் தேய அவள் மாற்றிய பைப் தெரிவதில்லை. அத்தாவின் கடை மட்டும் நன்றாகத் தெரியும்.

ரிசார்ட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஷமீமா வண்டியின் முன்சீட்டில். முதலாளி வாசலுக்கு வந்தார். இரண்டு பெண்களைப் பார்த்தார். ஒரு வண்டியைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது? வேலை அவளுக்கு.

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்துவிட்டால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

“நீயும் வாயேண்டி, சேந்து பாத்துக்கலாம்” என்று திரும்பும்போது கூப்பிட்டாள். அவளுக்குக் கீழே... நானா? “பாக்கலாம்” என்றேன். வரமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

புதுப்பட்டினத்தில் ஷமீமாவின் தெருவிலேயே ஒரு பெரியவரிடம் வருஷக்கணக்காக ஓடாத கார் ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவரிடம் போனேன். பானெட்டைத் தொடவில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்து, டேங்கிலிருந்து பம்பு வரை பைப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, காலிப்பர் வைத்து அளந்தேன். பிறகுதான் விலை பேசினேன். அவர் சாவியைக் கொடுத்தார்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்த மினி லாரிக்காரரிடம், அவள் வீட்டு வாசல் வந்ததும் சொன்னேன்: “கொஞ்சம் மெதுவா போ அண்ணாத்த.”