பத்திரமா இருக்கு

வக்கீல் அலுவலகத்துக்குப் போன் போடுமுன் லிஃப்ட்காரர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். "அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று, பார்க்க வந்திருக்கும் தங்கை சிரித்தால், "குரல்ல தெரியும்டி" என்பார். லைனில் காத்திருக்கச் சொல்லிவிட, காதில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும். வக்கீல் கோர்ட்டில் இருப்பார், இல்லையென்றால் இப்போதுதான் வெளியே போயிருப்பார். குமாஸ்தா இழுக்கத் தொடங்கியதும் இவரே எடுத்துக் கொடுத்துவிடுவார்: "அடுத்த வாரம்தானே தம்பி? சரி, வச்சுடறேன்."

பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுபவர்களிடம், "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்ல" என்று மேலிருந்து பேச்சுக் கொடுத்தபடியே வேலை பார்ப்பார். அடுத்தவர் மாடிகளையே ஏறி இறங்கிய மனிதருக்குச் சொந்தமாக ஒரு வாசற்படி கிடையாது.

இப்போது வாங்க நினைப்பதும் புது வீடல்ல. கல்யாணமான மறுமாதம் வாடகைக்கு வந்த அதே வீடுதான். இரண்டு அறை, வெயில் வராத ஒரு நடை, இரவானால் தானாகச் சொட்டத் தொடங்கும் ஒரு குழாய். "வாங்கினா இதைத்தான் வாங்கணும், வேற எங்கயும் எனக்குத் தூக்கம் வராது" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது. நடையில் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த இடத்தில் சுண்ணாம்பு மழுங்கிப் பளபளக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையடிக்க அவர் விடவில்லை.

வீட்டுக்காரர் காலமானபின் வீட்டை விற்பது அவருடைய மகள். விலை பேசி முடிந்தது. மூலப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்க, குமாஸ்தா அந்த அம்மாளுக்குப் போன் செய்தார். பஸ் இரைச்சலில் அந்த அம்மாள் காதில் விழுந்தது 'வீடு', 'பத்திரம்' என்ற இரண்டு சொற்கள்தான். "பத்திரமா இருக்குப்பா, குடியிருக்கற அண்ணன் நல்லாத்தான் பாத்துக்கறாரு" என்றார். பத்திரம் இருக்கிறது என்று குமாஸ்தா குறித்துக்கொண்டார். பத்திரம் வந்து சேரட்டும் என்று வக்கீல் காத்திருந்தார். வக்கீல் கூப்பிடட்டும் என்று அந்த அம்மாள் காத்திருந்தார். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. கடைசியில் விஷயம் வெளிவந்தபோது, பத்திரம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காணவில்லை என்று பேப்பரில் விளம்பரம், பதிவு அலுவலகத்தில் நகலுக்கு மனு, எல்லாம் முதலிலிருந்து. இதற்குள் வீட்டை இடித்துக் கடை கட்ட ஒருவர் வந்து நின்றார். பத்திரம் கித்திரம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உடனே முடிப்போம் என்றாராம்.

அவருக்கே விற்கப்போவதை நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தார்.

"அண்ணே, நானும் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கறது?"

"நியாயம்தாம்மா."

லிஃப்ட்காரர் டீ போடப் போனார். நினைப்பு எங்கேயோ இருந்ததில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தது. புகையைப் பார்த்து அந்த அம்மாள் உள்ளே வந்தார். மழையில் ஊறி இறுகிக்கிடந்த ஜன்னலை இடது தோளால் ஓர் இடி இடித்தார். திறந்துகொண்டது.

லிஃப்ட்காரர் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கம்மா இப்படித்தாண்ணே திறப்பாங்க."

"தெரியும். நாங்க குடிவந்த அன்னிக்கு அவளுக்கும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் அந்தத் தோள்தான்."

அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே நின்று, கடை கட்ட வந்தவருக்குப் போன் போட்டார். "இல்லைங்க, குடுக்கறதா இல்ல... ஆமா, முடிவாத்தான் சொல்றேன்." இவர் பக்கம் திரும்பி, "நகல் வர்ற வரைக்கும் வக்கீலை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

"விடுவேனா? அந்த ஆபீஸ் பாட்டே எனக்கு மனப்பாடம்மா."

தீய்ந்த வாசனை அடித்த டீயைக் குறை சொல்லாமல் குடித்துவிட்டு அந்த அம்மாள் கிளம்பினார். பிறந்து வளர்ந்த வீடு, பழக்க தோஷம்: வாசற்கதவை இழுத்துச் சாத்தி, கைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டார். உள்ளே நின்ற லிஃப்ட்காரர் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்; தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அந்த அம்மாள் கதவை இழுத்துப் பார்ப்பதும் கேட்டது. லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்த தன் சாவிக்கொத்து குலுங்கிவிடாதபடி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அந்தச் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை மூச்சுக்காட்டாமல் நின்றார்.